ஒரு தலை, மூன்று நேர்ச்சை

‘பிரபவ வருஷம், ஆடிக் கடைசி. அக்கா மகனுக்கு இன்று காய்ச்சல் விட்டது. கஞ்சி குடித்தான். மூன்று இடத்தில் முடி நேர்ந்திருக்கிறாளாம். ஒரே முடி.’

என் பழைய டைரியில் பென்சிலில் எழுதியிருக்கும் குறிப்பு இது. பிரபவ என்றால் இங்கிலீஷ் கணக்கில் 1927. தபாலாபீசில் முத்திரை குத்தியே வாழ்ந்தவன் நான். தேதி போடாமல் எதையும் எழுதியதில்லை. அன்றைக்கு மட்டும் ‘ஆடிக் கடைசி’ என்று விட்டிருக்கிறேன். பல நாள் தூக்கமில்லாமல் எழுதியது. கடைசி இரண்டு சொற்களின் கீழே ஒரு கோடு இருக்கிறது. அது மையில் போட்டது, பின்னால் போட்டது. எந்த வருஷம் போட்டேன் என்று நினைவில்லை. எந்தக் கோபத்தில் போட்டேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. அது இன்னும் போகாததால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, முல்லையாற்றை ஒட்டியது. ஆற்றோரம் அம்மன் கோயில். கடைவீதி முடியும் இடத்தில் பள்ளிவாசல். அதன் பக்கத்திலேயே அவ்லியா ஒருவர் அடங்கியிருக்கிற பழைய தர்கா. மலையடிவாரத்தில், நடந்து போகிற தூரத்தில், வேதக்காரர் ஊர், அதாவது கிறிஸ்தவர் ஊர்; அங்கே மாதாகோயில். எங்கள் தெருவிலேயே வேதக்காரக் குடும்பங்களும் உண்டு. அக்காவின் அடுத்த வீடு அவர்களில் ஒன்று.

அக்காவுக்கு முதலில் ஒரு பெண், அடுத்து ஒரு பையன். இரண்டுக்கும் வருஷம் திரும்பியதும் முடி இறக்கினார்கள். இரண்டும் மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டன. மூன்றாவதாக இவன் பிறந்தபோது, பிறந்த முடியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மச்சான் மலைமேல் ஏலத்தோட்டத்தில் கங்காணி. மாதம் ஒருமுறை இறங்கி வருவார். அவள் சொன்னதை அவர் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை.

பிரபவ வருஷம் ஆடியில் பையனுக்கு மூன்று வயது. அந்த ஆடியில் முறைக்காய்ச்சல், இப்போது மலேரியா என்கிறார்களே அது, எல்லாத் தெருவிலும் புகுந்தது. குளிர் எடுத்தால் கட்டில் ஆடும். விட்டால் பிள்ளை துணிபோலக் கிடக்கும். ஒருநாள் காலையில் கண் சொருகிவிட்டது. அக்கா பையனை அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு ஆற்றோரம் ஓடி, அம்மன் முன்னால் விழுந்து, ‘காய்ச்சல எறக்கு, பொறந்த முடியத் தாரேன்’ என்றாள். திரும்பி வந்தால் பிள்ளை அப்படியே இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரி இவள் கையைப் பிடித்து, ‘அந்தோணியார்கிட்டச் சொல்லு மதினி’ என்றாள். அங்கேயும் பிறந்த முடி. பொழுது சாயப் பள்ளிவாசல் வாசல்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இப்போது அதைப் பார்க்க முடியாது. அந்தித் தொழுகை முடிகிற நேரத்துக்கு எல்லாத் தெருப் பெண்களும் நோயாளிப் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு செம்புத் தண்ணீரோடு வாசலில் நிற்பார்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிற ராவுத்தர்கள் ஒவ்வொருவரும் பிள்ளையின் நெற்றியிலும் செம்பிலும் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க மாட்டார்கள். அக்கா அங்கே நின்று ஊதி வாங்கிக்கொண்டு, அப்படியே தர்காப் படியில் பையனைக் கிடத்தி, அங்கும் அதே முடியைச் சொல்லிவிட்டாள்.

மூன்று இடத்தில் நேர்வதை எங்கள் பக்கத்தில் யாரும் அதிசயமாக நினைப்பதில்லை. ஓரிடத்தில் முடி, ஓரிடத்தில் மெழுகுவத்தி, ஓரிடத்தில் சீனி என்று பிரித்துச் சொல்வார்கள். முடி இறக்குவது மூன்று இடத்திலும் உண்டு. அக்கா பதற்றத்தில் பிரிக்கத் தவறிவிட்டாள்.

பையன் கஞ்சி குடித்த அன்று இதைச் சொன்னாள். நான் சிரித்தேன்.

“ஏக்கா, அவன் ஒரு தலையத்தானே வச்சிருக்கான்?”

“கேக்கும்போது தலைய எண்ணிக்கிட்டா கேப்பாக? ஒனக்கு ஒரு புள்ள வந்து கெடக்கட்டும், அப்பத் தெரியும்.”

“எறங்குனது கொய்னாவால. ஆபீசுலருந்து பொட்டலம் பொட்டலமா நான்தானே கொண்டாந்து குடுத்தேன்?” அந்தக் காலத்தில் கொய்னா என்கிற காய்ச்சல் மருந்து தபாலாபீசில்தான் விற்றது. என் ஜன்னலில் நின்று வாங்காத தெரு இல்லை.

அக்கா பையனின் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “முந்தின ரெண்டுக்கும் நீதானே தம்பி கொண்டாந்து குடுத்தே?”

நான் காலிப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

“ஏற்கெனவே மூணு கட கெடக்கு. நீ நாலாவதாத் தொறக்காத.”

கொய்னாதான் என்று இன்றும் சொல்கிறேன். ஆனால் அதே கொய்னா முந்தின இரண்டையும் காப்பாற்றவில்லை.

சிக்கலுக்கு வழியையும் அவளே கண்டுபிடித்தாள். முழு மொட்டைக்குப் பதில் பூமுடி கொடுக்கிற வழக்கம் உண்டு. கொத்தாகக் கொஞ்சம் கத்தரித்துக் காணிக்கை வைத்தால் போதும், நேர்ச்சை தீர்ந்துவிடும். மூன்று கொத்து, மூன்று இடம். மிச்சத்தை ஆற்றங்கரையில் வழித்துவிடலாம். இதில் யாருக்கு என்ன குறை? தை பிறந்ததும் பையனுக்குப் புதுச்சட்டை போட்டு, முதலில் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். நானும் போனேன்.

பூசாரி கத்தரிக்கோலைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டார். மண்டபத்தில் தர்மகர்த்தா உட்கார்ந்திருந்தார். ஏலக்காய் வியாபாரி, எங்களுக்கு உறவுமுறையில் அண்ணன். சமீபத்தில் மதுரைக்குப் போய் ஏதோ கூட்டங்களில் பேச்சுக் கேட்டுவிட்டு, பை நிறையத் துண்டுப் பிரசுரங்களோடு வந்திருந்தார். அந்தப் பிரசுரங்களை நானும் படித்திருக்கிறேன். அச்சுப்பிழை நிறைய.

“பூமுடியா? மிச்ச முடி எங்க போகுது?” என்றார்.

அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. “ஒரு கொத்து அந்தோணியாருக்கு, ஒண்ணு தர்காவுக்குண்ணே. நேர்ந்துட்டேன்.”

“எச்சி எலையிலயா ஆத்தாளுக்குப் பரிமாறச் சொல்றே?”

“மொதல்ல இங்கனதானே கொண்டாந்திருக்கேன். அது எப்படிண்ணே எச்சியாகும்?”

“அடுத்த பந்திக்கும் அதே எலதானே? கேளு தாயி. உண்மையான சாமி நம்ம சாமி. மத்தது ரெண்டும் நேத்து வந்ததுக. அது ரெண்டும் பொய்யின்னு ஆத்தா முன்னால சத்தியம் பண்ணு. முழுத் தலையும் இங்கன எறக்கு. மேளத்தோட எறக்குவோம், செலவு என்னுது.”

அக்கா பையனைக் கீழே இறக்கி நிறுத்தினாள். “பொய்யின்னு எப்படிண்ணே சொல்லுவேன்? இவன் கண்ணு முழிச்சு நிக்கிறானே.”

எனக்கு அடக்க முடியவில்லை. அந்த ஆடியில் அவர் வீட்டிலும் காய்ச்சல். கொய்னாவுக்கு அவர் வீட்டு ஆள் என் ஜன்னலில் நின்றான். அந்தியில் அவர் வீட்டுச் செம்போடு அவர் வீட்டு வேலைக்காரி பள்ளிவாசலில் நின்றாள். பேர் பொறித்த செம்பு, ஊருக்கே தெரியும்.

“ஒங்க வீட்டுச் செம்பும் அங்கன நின்னுச்சேண்ணே. அது எச்சி இல்லையா?”

“பொம்பளைக பண்றதுக்கெல்லாம் நான் ஜவாப்தாரியாலே?”

அந்த ஒரு வாக்கியத்தில் மொத்தமும் இருந்தது. நோய் வந்தால் ஓடுவது பெண்கள் பாடு. நோய் போனபின் எது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது இவர் பாடு. பூசாரி தரையைப் பார்த்துக்கொண்டே கத்தரிக்கோலைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் செருகிக்கொண்டார். நாங்கள் திரும்பினோம். பையன் வழியெல்லாம், “முடி வெட்டலையாம்மா?” என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

மாதாகோயிலில் எனக்கு நம்பிக்கை இருந்தது. அங்கிருந்த பங்குச் சாமியாரிடம் நான் புத்தகம் இரவல் வாங்குகிறவன். தூர தேசத்திலிருந்து வந்தவர்; தமிழை என்னைவிடச் சுத்தமாக எழுதுவார். சரித்திரம், வான சாஸ்திரம், அவர்களுடைய வேத தர்க்க நூல்கள் எல்லாம் அவர் அலமாரியிலிருந்துதான் படித்தேன். சிநேகிதர் என்றே நினைத்திருந்தேன். அக்காவையும் பையனையும் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“உண்மை ஒன்றுதான் இருக்க முடியும்,” என்றார். “இரண்டு வழிகள் ஒன்றுக்கொன்று எதிராகப் பேசினால் ஒன்றாவது பொய்யாக வேண்டும். இது தர்க்கம். நீங்கள் படித்தவர்.”

“தர்க்கம் சரி சாமி. எங்க அக்கா தர்க்கம் கேக்கல. கொத்து முடியை வாங்கிக்கிடச் சொல்றாக.”

“பிள்ளையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டு வாருங்கள். பிறகு முடி என்ன, எல்லாம் தரலாம். பேய்க்கு நேர்ந்த முடியில் மிச்சத்தைப் புனிதருக்கு வைக்க முடியாது.”

பேய் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா நிமிர்ந்தாள். “சாமி, அன்னைக்கு எம் புள்ளயப் பொழுதன்னிக்கும் மடியில வச்சிருந்தவ ஒங்க சனந்தான். அவதான் அந்தோணியார்கிட்டச் சொல்லச் சொன்னா. அப்ப அவ ஞானஸ்நானம் ஆயிருச்சான்னு கேக்கலையே?”

“அவள் அறியாதவள்,” என்றார் சாமியார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அறியாதவளைப் பூசை முடியும்வரை கோயில் வாசலில் முழந்தாளிட வைத்தார்கள். அஞ்ஞானிக்குப் புனிதர் பேரில் நேர்ச்சை சொல்லிக்கொடுத்தது அவள் குற்றம். அவள் வீட்டுக்கு வந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அக்காவிடம், “போகுது விடு மதினி, பூசையில உக்காந்தாலும் எனக்குத் தூக்கந்தான் வரும், மண்டி போட்டதுல முழிச்சிருந்தேன்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த தர்க்கப் புத்தகத்தைப் பாதியில் மூடி ஆள் மூலம் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்த அலமாரிப் பக்கம் நான் போகவில்லை. வாசிப்பில் எனக்கு அது பெரிய நஷ்டம். இருந்தாலும் போகவில்லை.

தர்காவில் விளக்கேற்றுகிற கிழவர் உடனே ஒப்புக்கொண்டிருப்பார். எத்தனையோ பிள்ளைகளுக்கு அங்கே முடி எடுத்துக் கொடுத்தவர். ஆனால் அந்த வருஷம் பள்ளிவாசலில் தொழுகை நடத்தப் புதிதாக ஓர் அஜரத் வந்திருந்தார். வடக்கே படித்தவர். கபுரிடம், அதாவது சமாதியிடம், கேட்பதும் நேர்வதும் மார்க்கத்தில் இல்லை என்று தொழுகைக்குப் பிறகு நின்று பேசுகிறவர்.

கிழவர் அக்காவை ஓரமாக அழைத்துச் சொன்னார். “ஆளில்லாத நேரம் பாத்து வாங்க தாயி. நாலு பேருக்குத் தெரியாம எடுத்துருவோம். அவ்லியா ஒண்ணும் சொல்ல மாட்டாக.”

“நேர்ந்ததத் திருட்டுத்தனமாவா குடுக்குறது?” என்றாள் அக்கா. “ஊரறியக் கெடத்திக் கேட்டேன். ஊரறியத்தான் குடுப்பேன்.”

நான் தனியாக அஜரத்தைப் பார்க்கப் போனேன். மூன்று பேரில் மரியாதையாக நடத்தியவர் அவர்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். டீ வரவழைத்தார். “நாங்க எங்க ஆளுகளையே தடுக்குறோம் தம்பி. ஒங்களுக்கு மட்டும் எப்படி விடுறது? நேர்ச்சை அல்லா ஒருத்தனுக்குத்தான். மத்ததெல்லாம் அறியாமை” என்றார். ஆள் பார்த்துப் பேசவில்லை. ஒரே அளவுகோல் வைத்திருந்தார். அது எனக்குப் புரிந்தது. ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அதே அறியாமை என்ற சொல். வருஷம் முடிவதற்குள் பள்ளிவாசல் வாசலில் செம்போடு நிற்கிற பெண்கள் குறைந்து, பிறகு இல்லாமலே போனார்கள். வெளியே வருகிறவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். ஊதிப் பழகிய வாய்கள் மூடிக்கொண்டதை நான் தினமும் ஆபீஸ் பூட்டிவிட்டுப் போகிற வழியில் பார்த்தேன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பொய் என்றார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மூன்று பேருக்கும் முழு ஒற்றுமை: என் அக்கா ஒன்றும் தெரியாதவள்.

நான் மூன்று பக்கத்து நூல்களையும் படித்தவன். எந்த நூல் எந்தக் காலத்தில் எழுதப்பட்டது, யார் உரை, எந்தச் சபையில் எது முடிவானது என்று பக்கம் பக்கமாகக் குறித்து வைத்திருக்கிறேன். ஒரே உண்மை இருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. இருக்கலாம். அந்தச் சாமியாரின் தர்க்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. நான் கேட்பது வேறு. அது உங்கள் கையில்தான் இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? காய்ச்சல் அதே வாரத்தில் எல்லாத் தெருவிலும் வந்தது. எல்லாத் தெருவிலும் பிள்ளைகள் பிழைத்தன, எல்லாத் தெருவிலும் பிள்ளைகள் செத்தன. சிறிய பாடைகள் அம்மன் கோயிலைத் தாண்டியும் போயின, கல்லறைக்கும் போயின, கபுருஸ்தானுக்கும் போயின. உண்மை உங்களிடம் மட்டும் இருந்திருந்தால் உங்கள் தெருவையாவது அது விட்டுவைத்திருக்க வேண்டாமா? இதைக் கேட்டால் சோதனை என்பார்கள், விதி என்பார்கள், சித்தம் என்பார்கள். பிழைத்த பிள்ளைக்கு மட்டும் அந்தப் பதில்கள் கிடையாது. பிழைத்தால் அது எங்கள் கணக்கு. இந்தப் பேச்சை ஒரு வியாபாரி பேசினால் கடைவீதியில் அவனை அடிப்பார்கள்.

சில வருஷம் கழித்து எங்கள் சந்தைத் திடலில் ஒரு கூட்டம் நடந்தது. கதர் கட்டிய ஒருவர் வந்து, எல்லா மதமும் ஒன்றே, எல்லா ஆறும் கடலுக்கே என்று உருக்கமாகப் பேசினார். கை தட்டினார்கள். தர்மகர்த்தாவும் தட்டினார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

“மூணும் ஒண்ணுன்னா நான் ஒரு எடத்துல குடுத்துட்டுப் போயிருப்பேனே,” என்றாள். “மூணும் வேற வேற. அதனாலதானே மூணு எடத்துக்கு ஓடுனேன். இப்ப மூணு பேருக்கும் பாக்கி நிக்கிது.”

புத்தகங்களில் நான் இதைப் படித்ததில்லை. ஒன்றே என்று பேசினவரும் அவளுக்கு உதவவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது, வேறு வேறாகவே இருந்துகொண்டு ஆளுக்கொரு கொத்து வாங்கிக்கொள்கிற மூன்று பேர்.

அப்படி யாரும் கிடைக்காததால் பையனின் பிறந்த முடி அப்படியே வளர்ந்தது. அக்கா ஒவ்வொரு தையிலும் மூன்று இடத்துக்கும் போய்க் கேட்டாள். ஒவ்வொரு தையிலும் திரும்பி வந்தாள். ‘அவுக வாங்குனாதானே நேர்ச்சை தீரும், தீராட்டி அவனுக்கு என்ன ஆகும்?’ என்ற பயம் அவளை விடவில்லை. பையனுக்குத் தலைவலி என்றாலே முகம் வெளுத்துவிடும். “ஆளுகளை விடுக்கா, நாவிதரைக் கூப்பிட்டு வீட்லயே எடுத்துரலாம்” என்று நான் சொல்லியிருக்கிறேன். “சொன்ன சொல்லு என்னுதுடா, அவுகளுது இல்ல” என்பாள்.

விளக்கெண்ணெய் தடவி, பேன் பார்த்து, இறுக்கிப் பின்னிக் கொண்டை போட்டு அனுப்புவாள். பள்ளிக்கூடத்தில், “ஏலே பேன்புட்டி, பூ வைக்கலையாடி?” என்று இழுப்பார்கள். வாத்தியார் ஒருநாள் அவனைப் பெண்பிள்ளைகள் வரிசையில் உட்கார வைத்து வேடிக்கை பார்த்தார். பையன் சிலேட்டை உடைத்துவிட்டு வந்தான். மீசை அரும்பிய பிறகு தலையில் துண்டில்லாமல் வெளியே போக மாட்டான்.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டான். “மூணு பேரும் வேண்டாங்குறாக. வேண்டாம்னு சொல்ல எனக்கு மட்டும் பாத்தியதை இல்லையாம்மா?”

அவள் சீப்பை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

யுத்தம் வந்தது. சித்திரபானு வருஷம், அதாவது 1942, புரட்டாசியில், தேனிச் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. பக்கத்து ஊரான கோம்பைப் பையன்கள் சிலரோடு பஸ் ஏறி மதுரைக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதாக அவன் போட்ட கார்டு என் கைக்குத்தான் வந்தது. முத்திரை குத்தினேன், அக்காவிடம் படித்துக் காட்டினேன். பயிற்சி முடிந்து, கிழக்கே பர்மாவுக்கு அனுப்புமுன் கொஞ்ச நாள் லீவில் வந்தான். அக்கா வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். காக்கிச் சட்டையைப் பார்த்து யாரோ என்று நினைத்துச் சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள். அவன் தொப்பியைக் கழற்றினான். ஒட்ட வெட்டிய தலை.

முறத்தை வைத்துவிட்டு வந்து இரண்டு கையாலும் அந்தத் தலையைத் தடவிப் பார்த்தாள்.

“எங்கடா?”

“பட்டாள டிப்போவுல எடுத்துட்டாகம்மா. வரிசையில நிக்க வச்சு, ஒரு நிமிசத்துல.”

“யாருக்கு நேர்ந்ததுன்னு கேட்டாகளா?”

“அங்கன யாரும்மா கேப்பாக? தரையில கெடந்துச்சு. கூட்டி அள்ளிட்டுப் போயிட்டாக.”

அழுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். “வாடா,” என்று அவன் கையைப் பிடித்தாள். “நீயும் வா,” என்றாள் என்னிடம்.

அம்மன் கோயிலில் தர்மகர்த்தா அதே மண்டபத்தில் இருந்தார், பல் விழுந்திருந்தது. அக்கா அவரைப் பார்க்கவில்லை. கருவறைக்கு நேராக நின்று சத்தமாகச் சொன்னாள்.

“ஆத்தா, நான் கொண்டாந்தேன். இந்தா இருக்காகளே, இவுகதான் வேண்டான்னாக. இப்ப முடிய ராசா எடுத்துக்கிட்டாக. ஒன் பங்கு வேணுமின்னா வெள்ளக்காரன்கிட்டப் போய்க் கேட்டு வாங்கிக்க. என் பாக்கி தீந்துச்சு. இவனுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அது ஒனக்கும் இவுகளுக்கும் உள்ள வழக்கு. என்னை இழுக்காதீக.”

தர்மகர்த்தா, “என்ன தாயி பேச்சு இது” என்று எழுந்தார்.

“பொம்பள பேசுனதுக்கெல்லாம் நீங்க ஜவாப்தாரி ஆவீகளாண்ணே? உக்காருங்க,” என்றாள்.

அத்தனை வருஷம் அந்த வார்த்தையை அவள் வைத்திருந்தாள்.

மாதாகோயிலில் வேறு சாமியார் வந்திருந்தார். பாதி புரியாமல் கேட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றார். அந்தோணியார் சொரூபத்துக்கு நேராக அதே வழக்கைச் சொன்னாள். தர்காவில் யாரும் இல்லை. கிழவர் இறந்துபோயிருந்தார், அஜரத் வேறு ஊருக்குப் போய்விட்டார். கம்பிக் கதவு பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஆனால் அவன் பஸ் ஏறியபோது அவள் ஜன்னல் கம்பியை விடாமல் கூடவே நடந்ததைப் பார்த்தேன். பயம் தீரவில்லை, தீர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் என்று புரிந்தது. யுத்தம் முடிகிறவரை, தபால்பை வருகிற நேரத்துக்கு என் ஜன்னலில் வந்து நிற்பாள். கேட்க மாட்டாள். நான் தலையை ஆட்டினால் போய்விடுவாள்.

விய வருஷம், அதாவது 1946, வைகாசியில் அவன் திரும்பி வந்தான். மெலிந்திருந்தான், ஒரு காதில் சரியாகக் கேட்கவில்லை, உயிரோடு வந்தான்.

அடுத்த திருவிழாவில் தர்மகர்த்தா ஒலிபெருக்கியில், ஆத்தாளை நம்பினவன் பர்மாவிலிருந்தும் திரும்புவான் என்று பேசினார். வேதக்காரர் ஊர் உபதேசியார் வீடு தேடி வந்து, அந்தோணியார் தொலைந்ததை மீட்டுத் தருகிறவர் என்று நினைவுபடுத்திவிட்டுப் போனார். பள்ளிவாசல் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், அன்றைக்கு ஊதின ஊத்து வீண்போகுமா என்று என்னிடமே கேட்டார். ஒரு கொத்து முடியை வாங்க மறுத்த இடங்களிலிருந்து முழு ஆளுக்கும் பாத்தியதை கொண்டாடி வந்தார்கள். வெட்கம் என்பதே கிடையாதா?

பட்டாளத்தில் காய்ச்சலுக்குத் தினமும் மஞ்சள் மாத்திரை கொடுத்ததாக மருமகன் சொன்னான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “என்ன, நீயும் சொல்லிரு.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அவன் எனக்கு மட்டும் ஒன்று சொன்னான். அம்மாவிடம் சொன்னது முழுதும் சரியில்லையாம். டிப்போவில் முடி வெட்டியவர் கொண்டையைக் கையில் எடுத்துப் பார்த்து, இது ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறார். இவன் சொன்னான். அவர் கத்தரிக்கோலை நிறுத்தி, மூன்று கொத்தை மட்டும் தனியாக எடுத்து, நூலால் கட்டி, தன் பெட்டிக்குள் போட்டுக்கொண்டாராம். “மூணும் போயிக்கோளும்,” என்றாராம். மலையாளம் கலந்த தமிழ்; மூன்றும் போய்ச் சேரும் என்று அர்த்தம். பின்னால் நின்றவன் தள்ள, இவன் எழுந்து வந்துவிட்டான்.

“எங்க போகும்னு கேக்கலையா?”

“கேக்கல மாமா.”

“அவரு என்ன மதம்?”

“அதையும் கேக்கல.”

“இத ஏம்லே ஒங்க அம்மாகிட்டச் சொல்லல?”

“சொன்னா, போய்ச் சேந்துச்சா சேந்துச்சான்னு காத்துக்கிட்டே கெடப்பா மாமா. இத்தன வருசம் காத்தது போதாதா?”

டிப்போவுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. யுத்தம் முடிந்து அதைக் கலைத்துவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அதையும் நான் எழுத்தில் பார்க்கவில்லை. மருமகன் சொன்னதைத் தவிர வேறு சாட்சி இல்லை. என் மனம் தேறட்டும் என்று அவனே கட்டியதாகவும் இருக்கலாம். ஆகவே டைரியில் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்: மூன்று கொத்து எடுத்து வைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது, எங்கும் சேர்ப்பிக்கப்பட்டதா என்பது தெரியவில்லை, உறுதி செய்யப்படாதது.